தூக்கத்தில் மூச்சு நிற்கிறது, கேட்டால் "நன்றாகத் தூங்கினேன்" என்கிறார்: பரிசோதனை தேவையா?

நித்யகல்யாணி

அனைவருக்கும் வணக்கம். என் கணவருக்கு 46 வயது. குறட்டை ரொம்ப வருடமாகவே உண்டு, அது எனக்குப் பழகிவிட்டது. இப்போது பயமாக இருப்பது வேறு. குறட்டை சத்தம் ஏறிக்கொண்டே போய்த் திடீரென்று நின்றுவிடுகிறது. மார்பு எழும்பப் பார்க்கிறது, வயிறு உள்ளே இழுக்கிறது, ஆனால் மூக்கருகே கை வைத்தால் காற்றே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திணறலோடு ஒரு மூச்சு இழுத்து, உடம்பு ஒரு உதறு உதறி, மறுபடி குறட்டை தொடங்குகிறது. இரவெல்லாம் இப்படித்தான்.

காலையில் கேட்டால் "நான் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன், உனக்குத்தான் தூக்கமில்லை" என்கிறார். ஆனால் எழும்போதே தலைவலி. மாலையில் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகுகிறது. இரண்டு வகை பிரஷர் மாத்திரை சாப்பிட்டும் அளவு இறங்கவில்லை. வேலைக்குக் கார் ஓட்டிக்கொண்டு போகிறவர்.

டாக்டரிடம் போகலாம் என்றால், "குறட்டைக்கெல்லாம் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவார்களா?" என்று பேச்சை முடித்துவிடுகிறார். இது நிஜமாகவே பரிசோதிக்க வேண்டிய விஷயம்தானா? எங்கே தொடங்குவது?

அலைவரி

நித்யகல்யாணி, பரிசோதிக்க வேண்டிய விஷயம்தான். தள்ளிப்போடாதீர்கள்.

நான் தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். "மார்பு எழும்பப் பார்க்கிறது, காற்று இல்லை" என்று எழுதினீர்களே, எங்கள் திரையில் தெரிவதும் அதேதான். மூக்குக் குழாயின் கோடு அப்படியே படுத்துவிடும். மார்பிலும் வயிற்றிலும் கட்டிய பட்டைகளின் கோடுகள் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், அதுவும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில். மூச்சு விட உடம்பு முயற்சி செய்கிறது, வழிதான் அடைத்திருக்கிறது. அடைப்பு வகை ஸ்லீப் ஆப்னியா என்பது இதுதான்.

தொண்டையின் அந்தப் பகுதியைத் தாங்கிப் பிடிக்க எலும்போ குருத்தெலும்போ கிடையாது. விழித்திருக்கும்போது தசைகள்தான் அதைத் திறந்து வைக்கின்றன. தூங்கியதும் தசைகள் தளர, நாக்கின் அடிப்பகுதியும் மெல்லண்ணமும் பின்னால் சரிகின்றன. வழி குறுகினால் குறட்டை. மெல்லிய உறிஞ்சுகுழலை வேகமாக உறிஞ்சினால் சுவர்கள் ஒட்டிக்கொள்வதுபோல் முழுக்க ஒட்டிக்கொண்டால் மூச்சே நின்றுவிடும். மல்லாந்து படுத்தாலும், கனவு வரும் ஆர்.இ.எம். தூக்கத்திலும் இது கூடும்.

மூச்சு நின்றதும் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், கரியமில வாயு ஏறும். மூளை சட்டென்று விழித்துத் தசைகளை இறுக்கி வழியைத் திறக்கும். அந்தத் திணறலும் உதறலும் அப்போது வருவதுதான். அந்த விழிப்பு சில நொடிதான் என்பதால் நினைவில் நிற்காது. இரவில் நூறு முறை விழித்தவர்கூடக் காலையில் "நன்றாகத் தூங்கினேன்" என்று மனதாரச் சொல்வார். உங்கள் கணவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். பக்கத்தில் படுத்திருக்கும் நீங்கள்தான் சாட்சி.

முதல் வேலையாக, அவர் தூங்கும்போது போனில் வீடியோ எடுங்கள். முகத்தோடு மார்பும் வயிறும் தெரியட்டும், சத்தமும் பதிவாகட்டும். குறட்டை, நிறுத்தம், திணறல் மூன்றும் தொடர்ந்து வரும்படி சில நிமிடம் போதும். எந்த டாக்டரும் அதை ஒதுக்க மாட்டார்.

அப்புறம், ஸ்டாப்-பேங் என்று எட்டுக் கேள்வி உண்டு. உரத்த குறட்டை, பகல் சோர்வு, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தது, ரத்த அழுத்தம், உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. 35-க்கு மேல், வயது 50-க்கு மேல், கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.-க்கு மேல், ஆண். ஆம் என்பதற்கு ஒரு மதிப்பெண். நீங்கள் எழுதியதை வைத்தே அவருக்கு ஐந்து வந்துவிட்டது. ஐந்து வந்தாலே மிதமான அல்லது தீவிர ஆப்னியாவுக்கு வாய்ப்பு அதிகம். கழுத்தை இன்னும் அளக்கவேயில்லை.

மணிமாறன்

எங்கள் வீட்டில் அப்பா, சித்தப்பா, தாத்தா எல்லோரும் குறட்டைதான். எல்லோரும் நல்ல ஆயுசோடு இருந்தார்கள். எல்லாவற்றையும் நோய் என்று சொல்லி ஒருவரைப் பயமுறுத்துவது சரியா? கொஞ்சம் எடை குறைத்தால், பக்கவாட்டில் படுத்தால் போதுமே.

அலைவரி

மணிமாறன், குறட்டை விடும் எல்லோருக்கும் ஆப்னியா கிடையாது. நடுவில் மூச்சு நிற்காமல், பகலில் சோர்வில்லாமல், பிரஷர் இல்லாமல் வெறும் குறட்டை மட்டும் என்றால் நானும் அவசரப்படுத்த மாட்டேன். இங்கே சகோதரி சொல்வது மூன்றும் சேர்ந்து இருப்பது. பக்கவாட்டில் படுப்பது சிலருக்கு உண்மையாகவே உதவும். ஆனால் எவ்வளவு உதவுகிறது என்பதையும் அளந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

தூரிகை

இந்த இழையில் ஒரு பெண்ணின் அனுபவமும் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

நான் அப்படியொன்றும் பெரிதாகக் குறட்டை விடுவதில்லை. மாதவிடாய் நின்றபிறகு இரவில் திரும்பத் திரும்ப விழிப்பு, காலையில் உடம்பெல்லாம் அடித்த மாதிரி அலுப்பு, எதிலும் மனம் ஒட்டாமை. "இந்த வயதில் அப்படித்தான்" என்றார்கள். மனச்சோர்வு மாத்திரை கொடுத்தார்கள், தூக்க மாத்திரையும் கொடுத்தார்கள். தூக்க மாத்திரை போட்ட இரவுக்கு மறுநாள் இன்னும் மோசமாக இருக்கும். சிறுநீருக்காக இரவில் பலமுறை எழுவேன், அதற்குச் சர்க்கரை பார்த்தார்கள், சிறுநீரகம் பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் ஒரு டாக்டர் என் தாடையையும் தொண்டையையும் பார்த்துவிட்டுத் தூக்கப் பரிசோதனைக்கு எழுதினார். மிதமான ஆப்னியா என்று வந்தது. சிகிச்சை தொடங்கியபின் இரவில் சிறுநீருக்கு எழுவது பெரும்பாலும் நின்றே போனது. அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று இன்றும் எனக்கு ஆச்சரியம்தான்.

பெண்களே, உரத்த குறட்டை இல்லை என்பதால் நமக்கு இது இல்லை என்று நினைக்காதீர்கள். நம் புகார் "தூக்கம் வரவில்லை", "அலுப்பு", "தலைவலி" என்று இருக்கும். அதைக் கேட்டு யாரும் மூச்சைப் பற்றி யோசிப்பதில்லை.

செந்தூரன்

தூரிகை அம்மா, தொடர்பு உண்டு. வழி அடைத்திருக்கும்போது மூச்சை உள்ளே இழுக்கப் போராடினால் மார்புக்கூட்டுக்குள் அழுத்தம் மிகவும் குறையும். அதனால் இதயத்துக்கு அதிக ரத்தம் வந்து மேலறைகள் விரியும். உடம்பில் நீர் அதிகமாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டு இதயம் ஏ.என்.பி. என்ற ஹார்மோனைச் சுரக்கும். உப்பையும் நீரையும் வெளியேற்று என்று அது சிறுநீரகத்துக்குச் சொல்லும். புராஸ்டேட்டுக்காக வருடக்கணக்கில் மருந்து சாப்பிடும் ஆண்களிலும் சிலருக்கு உண்மையான காரணம் இதுவாக இருக்கும்.

நான் இதயப் பிரிவில் மருத்துவர். நித்யகல்யாணி அவர்களுக்கு என் பங்குக்குச் சிலது.

இரவில் ரத்த அழுத்தம் இயல்பாகவே 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். இதயத்துக்கும் ரத்தக் குழாய்களுக்கும் ஓய்வு கிடைப்பது அப்போதுதான். ஆப்னியா உள்ளவருக்கு ஒவ்வொரு நிறுத்தத்தின் முடிவிலும் அட்ரினலின் பாய்ந்து அழுத்தம் குபீரென்று ஏறும். இது இரவு முழுக்க நடந்தால் இறங்க வேண்டிய அழுத்தம் இறங்காது, பகலிலும் ஏறியே நிற்கும். மூன்று மருந்து கொடுத்தும் பிரஷர் அடங்காதவர்களிடம் நான் முதலில் கேட்பது தூக்கத்தைப் பற்றித்தான். அவர்களில் பெரும்பாலோருக்கு ஆப்னியா இருக்கிறது.

இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், பக்கவாதம், இதயச் செயலிழப்பு, இரண்டாம் வகை நீரிழிவு என எல்லாவற்றோடும் இதற்கு உறவு உண்டு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு மின்னதிர்ச்சியோ, தவறான துடிப்பைக் கிளப்பும் திசுவைச் செயலிழக்கச் செய்யும் அப்லேஷனோ செய்தபிறகு, ஆப்னியாவுக்குச் சிகிச்சை எடுக்காதவர்களிடம் அது திரும்ப வருவது அதிகம்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு உடனடிக் கவலை கார்தான். தூக்கம் சொருகும் ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடிப்பது அவருக்கும் ஆபத்து, எதிரில் வருகிறவருக்கும் ஆபத்து. பரிசோதனை முடிந்து சிகிச்சை பிடிக்கும்வரை நீண்ட பயணம் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். முடிந்தால் ஓட்டவே வேண்டாம்.

கூர்நோக்கு

செந்தூரன் சார், ஒரு கேள்வி. இதய நோய்க்கும் ஆப்னியாவுக்கும் தொடர்பு என்று எல்லோரும் சொல்கிறார்கள், சரி. ஆனால் 2016-ல் வந்த சேவ் ஆய்வு என்ன சொன்னது? ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ இருந்த 2,700-க்கும் மேற்பட்டவர்களைச் சில வருடங்கள் கவனித்தார்கள். தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவற்றில் வித்தியாசம் தெரியவில்லை. அப்படியிருக்க, "சிகிச்சை எடுக்காவிட்டால் மாரடைப்பு" என்று மிரட்டிக் கருவியை வாங்க வைப்பது நேர்மையா?

செந்தூரன்

நியாயமான கேள்வி. மிரட்டுவது நேர்மையில்லை என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். சேவ் முடிவையும் மறைக்கக் கூடாது.

ஆனால் அந்த ஆய்வை உள்ளே போய்ப் பாருங்கள். அதில் கருவி போட்டவர்கள் சராசரியாக ஓர் இரவுக்கு 3.3 மணி நேரம்தான் போட்டார்கள். மீதித் தூக்கம் முழுக்கப் பழையபடி அடைப்போடுதான் போனது. ஆர்.இ.எம். தூக்கம் அதிகம் வருவது விடியற்காலைப் பக்கம். பலர் மாஸ்க்கைக் கழற்றிப் போடுவதும் அந்த நேரத்துக்கு முன்புதான். இன்னொன்று, பகலில் மிக அதிகத் தூக்கம் உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அவர்களைக் கருவி இல்லாத குழுவில் வைப்பது அறமாகாது என்பதால். நித்யகல்யாணியின் கணவர் போன்றவர்கள் அதில் இல்லவே இல்லை. அதே ஆய்வில் பகல் தூக்கம், மனநிலை, வாழ்க்கைத் தரம் ஆகியவை கருவி போட்டவர்களுக்கு மேம்பட்டன என்பதும் இருக்கிறது.

அதனால் நான் நோயாளியிடம் சொல்வது இதுதான்: சிபாப் போட்டால் மாரடைப்பு வராது என்று என்னால் உறுதி தர முடியாது. பகல் தூக்கம் குறையும், தலைவலி விடும், வண்டி ஓட்டுவது பாதுகாப்பாகும் என்று சொல்ல முடியும். பிரஷர் சராசரியாக 2 அல்லது 3 புள்ளி இறங்கும். மருந்துக்கு அடங்காத பிரஷர் உள்ளவர்களுக்கு இன்னும் கொஞ்சம் இறங்கலாம். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

கூர்நோக்கு

பகல் தூக்கம் அதிகமானவர்களை விட்டுவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. அப்படியென்றால் இந்த அம்மாவின் விஷயத்தில் என் வாதம் பொருந்தாது. பரிசோதனை செய்யட்டும். கருவி என்று வந்தால் என்ன பலனுக்காகப் போடுகிறோம் என்று டாக்டர் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பதில் மட்டும் நான் மாறவில்லை.

நித்யகல்யாணி

எல்லோருக்கும் நன்றி. அலைவரி சார் சொன்னபடி வீடியோ எடுத்து அவரிடம் காட்டினேன். முதலில் சிரித்தார். மூச்சு நின்ற இடம் வந்ததும் "எவ்வளவு நேரம்?" என்று கேட்டு, அவரே திரும்ப ஓட்டி நொடி எண்ணினார். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை, டாக்டரிடம் வருகிறேன் என்றார்.

இப்போது டாக்டர் பரிசோதனைக்கு இரண்டு வழி சொல்கிறார். கருவியை வீட்டுக்கு வாங்கிப்போய் ஒரு இரவு போட்டுக்கொண்டு தூங்கலாம், அல்லது ஆஸ்பத்திரியில் ஒரு இரவு தங்கலாம். இவர் வீட்டிலேயே செய்யலாம் என்கிறார். இரண்டும் ஒன்றுதானா?

பனித்துளி

ஒன்றில்லை. நான் ஒல்லியான ஆள், பி.எம்.ஐ. 22. யாருமே ஆப்னியா என்று சந்தேகப்படவில்லை. நானே கேட்டு வீட்டுப் பரிசோதனை செய்தேன், "இயல்பு" என்று வந்தது. அதோடு விட்டிருப்பேன். ஆனால் பகல் தூக்கம் மட்டும் விடவேயில்லை. இரண்டாவது டாக்டர் கூடத்தில் தங்கச் செய்து பார்த்ததில் மிதமான ஆப்னியா. எனக்குக் கீழ்த்தாடை சிறியது, கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கிறது. அதுதான் காரணமாம்.

அலைவரி

பனித்துளி சொன்னது முக்கியம், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக் கருவியில் பொதுவாக மூக்கில் ஒரு மெல்லிய குழாய், மார்பில் ஒரு பட்டை, விரலில் ஆக்சிமீட்டர் இவ்வளவுதான். மூளை அலையைப் பெரும்பாலானவை பதிவதில்லை. அதனால் இரண்டு குறை. நீங்கள் தூங்கினீர்களா, விழித்துப் புரண்டீர்களா என்று அதற்குத் தெரியாது. கருவி ஓடிய மொத்த நேரத்தால் வகுக்கும். ஏழு மணி நேரம் ஓடி நாலு மணி நேரம்தான் தூங்கியிருந்தால் எண்ணிக்கை நீர்த்துப்போகும். அடுத்தது, ஆக்சிஜன் பெரிதாக இறங்காமல் மூளை விழிப்போடு மட்டும் முடியும் நிகழ்வுகள் அதில் விடுபட்டுப்போகும். ஒல்லியானவர்களுக்கும் பெண்களுக்கும் அந்த வகை அதிகம்.

ஆகவே வீட்டுப் பரிசோதனையில் "ஆம்" என்று வந்தால் நம்பலாம். அறிகுறி பலமாக இருந்தும் "இல்லை" என்று வந்தால் அதோடு நிறுத்தக் கூடாது, கூடத்தில் பார்த்தே ஆகவேண்டும். இதை அறிக்கை கொடுக்கும்போதே சொல்ல வேண்டும், பல இடங்களில் சொல்வதில்லை. எனக்கு இதில் ரொம்ப வருத்தம் உண்டு. "நார்மல்" என்ற ஒரு சொல்லைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர் திரும்பி வர வருடங்கள் ஆகின்றன.

உங்கள் கணவருக்கு அறிகுறி தெளிவாக இருக்கிறது, வேறு பெரிய நோய் எதுவும் நீங்கள் சொல்லவில்லை. அவருக்கு வீட்டுப் பரிசோதனை பொருத்தம்தான். இதயச் செயலிழப்பு, தீவிர நுரையீரல் நோய், தசை நரம்பு நோய், பக்கவாதம் உள்ளவர்களும், ஓபியாய்ட் வகை வலி மருந்து தொடர்ந்து எடுப்பவர்களும் நேராகக் கூடத்துக்கு வருவது நல்லது. அவர்களுக்கு மூளையே மூச்சுக்குக் கட்டளை அனுப்பாமல் விடும் மைய வகை ஆப்னியா இருக்கலாம். அதில் மார்புப் பட்டையின் கோடும் சேர்ந்து படுத்துவிடும். அதற்குச் சிகிச்சை வேறு.

கூடத்தில் என்ன நடக்கும் என்று தெரியாமல்தான் பலர் பயப்படுகிறார்கள். ஊசி கிடையாது. தலையில், கண் ஓரத்தில், தாடையில், கால்களில் பசையால் மின்முனை ஒட்டுவோம். மார்பில் ஈ.சி.ஜி., இரண்டு பட்டை, மூக்கில் குழாய், விரலில் ஆக்சிமீட்டர். எல்லா ஒயரும் ஒரு சின்னப் பெட்டியில் சேரும். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் அந்த ஒரு பெட்டியைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுவோம். புரளலாம், பக்கவாட்டில் படுக்கலாம். "இத்தனை ஒயரோடு எனக்குத் தூக்கமே வராது" என்று சொல்லாதவர் இல்லை. கிட்டத்தட்ட எல்லோருமே தூங்கிவிடுகிறார்கள், கணிப்புக்கு வேண்டிய அளவு கிடைத்துவிடுகிறது.

அன்றைக்கு மதியத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம். மது வேண்டாம். தலையில் எண்ணெய் வைக்காமல் வாருங்கள், மின்முனை ஒட்டாது. ஒரு விரலிலாவது நகப்பூச்சு இல்லாமல் இருக்கட்டும். வழக்கமான மாத்திரைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம், பட்டியலை மட்டும் கொண்டுவாருங்கள்.

வேல்விழி

ஸ்மார்ட் வாட்சில் இப்போது ஆப்னியா எச்சரிக்கை வருகிறதே, அது போதாதா?

அலைவரி

2024-ல் சாம்சங், ஆப்பிள் இரண்டின் வாட்சுகளுக்கும் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. அந்த அனுமதி எச்சரிக்கைக்குத்தான், நோய்க் கணிப்புக்கு இல்லை. எச்சரிக்கை வந்தால் டாக்டரைப் பாருங்கள். வரவில்லை என்பதை வைத்து நிம்மதியாகிவிடாதீர்கள். விரல் ஆக்சிமீட்டரும் அப்படித்தான். அதில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கருமையான தோலில் அது ஆக்சிஜனை உள்ளதைவிடச் சற்று அதிகமாகக் காட்டிவிடலாம்.

வேல்விழி

நன்றி. என் மகன் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான், குறட்டையும் உண்டு. பள்ளியில் "ஒரு இடத்தில் உட்காருவதில்லை" என்று புகார். இதோடு தொடர்பு இருக்குமா?

செந்தூரன்

இருக்கலாம். குழந்தைகளுக்குத் தூக்கம் கெட்டால் நம்மைப்போல் சோர்ந்து விழ மாட்டார்கள், துறுதுறுவென்று ஆகிவிடுவார்கள். படுக்கையை நனைப்பதும் வரலாம். பெரும்பாலும் டான்சிலும் அடினாய்டும் வீங்கியிருப்பதுதான் காரணம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். குழந்தைகளுக்குக் கணக்கே வேறு, ஏ.எச்.ஐ. என்பது தூக்கத்தில் மணிக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற எண், பெரியவர்களுக்கு அது 5 வரை இயல்பு என்றால், அவர்களுக்கு மணிக்கு ஒன்றைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும்.

நித்யகல்யாணி

அறிக்கை வந்துவிட்டது. ஏ.எச்.ஐ. 38, குறைந்தபட்ச ஆக்சிஜன் 74 சதவீதம் என்று போட்டிருக்கிறது. "தீவிரம்" என்று எழுதியிருக்கிறார்கள். 74 என்பதைப் பார்த்ததிலிருந்து எனக்குக் கை நடுங்குகிறது. சிபாப் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இவர் கடையில் மாஸ்க்கை முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டுக்கொண்டு என்னால் தூங்க முடியாது, எடையைக் குறைக்கிறேன், வேறு மருந்து இருந்தால் கேள்" என்கிறார். வேறு வழி இருக்கிறதா?

செந்தூரன்

நிதானமாகப் பாருங்கள் அம்மா. 5-க்குக் கீழே இயல்பு, 15 வரை லேசானது, 30 வரை மிதமானது, அதற்கு மேல் தீவிரம். 38 என்றால் மணிக்கு 38 நிகழ்வு. 74 என்பது இரவில் ஏதோ ஒரு கணத்தில் தொட்ட மிகக் குறைந்த அளவு. இரவு முழுக்க அப்படி இருந்தது என்று பொருளில்லை. அறிக்கையில் "90-க்குக் கீழே கழிந்த நேரம்" என்று ஒரு வரி இருக்கும், அதைப் பாருங்கள். அந்தச் சதவீதம்தான் உடம்பு பட்ட பாட்டை இன்னும் சரியாகச் சொல்லும்.

எடை குறைப்பது கட்டாயம் உதவும். 10 சதவீதம் எடை குறைந்தால் ஏ.எச்.ஐ. சுமார் கால் பங்கு குறைவதாக அமெரிக்காவின் விஸ்கான்சின் ஆய்வில் கண்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், 38-இல் கால் பங்கு போனாலும் 28 மீதி. எடை குறையவும் காலம் எடுக்கும். அதுவரை இரவுகள் சும்மா இருக்காது. கருவியோடு சேர்த்து எடையையும் குறைக்கட்டும். பகல் சோர்வு நீங்கினால்தான் நடக்கவே மனம் வரும் என்பதும் இருக்கிறது.

மருந்தென்றால், டிர்செபடைட் என்ற ஊசி மருந்தை உடல் பருமனும் மிதமான அல்லது தீவிர ஆப்னியாவும் சேர்ந்து உள்ளவர்களுக்காக 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அங்கீகரித்தார்கள். அதுவும் எடை வழியாகத்தான் வேலை செய்கிறது. கீழ்த்தாடையை முன்னே தள்ளிப் பிடிக்கும் பல் கருவி லேசான, மிதமான அளவுக்கு நன்றாக உதவும். தீவிரத்துக்கு, சிபாப் முடியவே முடியாது என்றால் பார்க்கலாம். நாக்கு நரம்பைத் தூண்டும் கருவியை அறுவை சிகிச்சையில் பொருத்துவதும் உண்டு, அதற்குத் தகுதி பார்ப்பார்கள். இவையெல்லாம் சிபாபை ஒழுங்காக முயன்று பார்த்தபிறகு வரும் பேச்சு.

மணிமாறன்

வாயில் டேப் ஒட்டிக்கொண்டு தூங்கினால் சரியாகிவிடும் என்று வீடியோக்களில் பார்க்கிறேனே?

அலைவரி

தயவுசெய்து வேண்டாம். அடைப்பு தொண்டையில் இருக்கிறது, வாயை மூடினால் அது திறக்காது. மூக்கும் அடைத்திருக்கும் இரவில் அது நேரடி ஆபத்து.

நித்யகல்யாணி, மாஸ்க் பற்றி. கடையில் உட்கார்ந்துகொண்டு, காற்று ஓடாமல் முகத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் மூச்சு முட்டும். படுத்துக்கொண்டு, கருவியை ஓடவிட்டு, புரண்டு பார்த்துத்தான் அளவு தேர்ந்தெடுக்க வேண்டும். முழு முகத்தையும் மூடுவதுதான் வேண்டும் என்றில்லை. மூக்கை மட்டும் மூடுவது, மூக்குத் துளையில் மட்டும் பொருந்தும் சின்னது என்று உண்டு. முகத்தில் பாரம் தாங்காதவர்கள் பலர் அந்தச் சின்னதுக்கு வந்து சேர்கிறார்கள்.

முதல் சில நாள் படுக்கைக்கே போக வேண்டாம். மாலையில் டி.வி. பார்க்கும்போது போட்டுக்கொண்டு உட்காரட்டும். அப்புறம் மதியத் தூக்கத்துக்கு. அப்புறம்தான் இரவு. காற்று குறைவாகத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் ராம்ப் அமைப்பு கருவியிலேயே இருக்கும், அதைப் போடச் சொல்லுங்கள். வாய் காய்ந்தால் ஈரப்பதத்தைக் கூட்டலாம். காலையில் கன்னத்தில் பட்டையின் தடம் ஆழமாக விழுந்திருந்தால் இறுக்கம் அதிகம் என்று பொருள். கசிகிறதே என்று பலர் இன்னும் இறுக்குவார்கள், அது மேலும் கசியும். தளர்த்திவிட்டு மறுபடி முகத்தில் அமர்த்த வேண்டும்.

1981-ல் ஆஸ்திரேலியாவில் கோலின் சல்லிவன் இந்த முறையை முதன்முதலில் வெளியிட்டபோது, மாஸ்க்கை ஒவ்வோர் இரவும் மூக்கைச் சுற்றிப் பசை வைத்து ஒட்டினார்கள், காற்றுக்கு இரைச்சலான மோட்டார். இன்றைக்கு உள்ளவை அருகில் படுத்தவருக்குக் கேட்காத அளவுக்கு அமைதி. குறட்டையைக் கேட்டுப் பழகிய உங்களுக்கு அது சத்தமாகவே படாது.

கருவி தானே பதிவு வைக்கும்: எத்தனை மணி நேரம் போட்டார், எவ்வளவு கசிந்தது, மீதமுள்ள ஏ.எச்.ஐ. எவ்வளவு. அதை டாக்டரிடம் காட்டாமல் விட்டுவிடாதீர்கள். இன்னொன்று, யாராவது பழைய கருவி தருகிறேன் என்றால் யோசித்து வாங்குங்கள். உள்ளிருக்கும் நுரைப்பொருள் சிதைகிறது என்று 2021-ல் பிலிப்ஸ் தன் கருவிகள் பலவற்றைத் திரும்பப் பெற்றது. அந்தப் பட்டியலில் உள்ளதா என்று பார்க்காமல் முகத்தில் வைக்க வேண்டாம்.

நித்யகல்யாணி

டி.வி. யோசனை அவருக்குப் பிடித்திருக்கிறது. மூக்குத் துளை மாஸ்க்கைப் படுத்துப் பார்த்து வாங்க நாளைக்குப் போகிறோம். 90-க்குக் கீழே 19 சதவீதம் என்று இருக்கிறது, அதையும் டாக்டரிடம் கேட்கிறேன். கார் சாவி என்னிடம் இருக்கிறது.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அவருக்கு அடுத்த மாதம் குடலிறக்க அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். இதை அங்கே சொல்ல வேண்டுமா?

செந்தூரன்

கட்டாயம் சொல்ல வேண்டும், அதுவும் மயக்க மருந்து கொடுப்பவரிடம் நேரடியாக. மயக்க மருந்தும், அதற்குப்பின் கொடுக்கும் ஓபியாய்ட் வலி மருந்தும் தொண்டைத் தசைகளை இன்னும் தளர்த்தும், விழித்துக்கொள்ளும் அனிச்சையையும் மழுங்கடிக்கும். தெரிந்திருந்தால் அதற்கேற்ற மருந்தைத் தேர்ந்தெடுப்பார்கள், அன்றிரவு ஆக்சிஜனைத் தொடர்ந்து கண்காணிப்பார்கள். அறிக்கையின் நகலைக் கொடுங்கள். சிபாப் கருவியையும் மாஸ்க்கையும் கூடவே எடுத்துப்போங்கள், விழித்தபின் தூங்கும்போது அதைப் போட்டுவிடச் சொல்லுங்கள். அவசர அறுவை இல்லையென்றால், கருவி பழகும்வரை சில வாரம் தள்ளிவைக்கலாமா என்று அறுவை சிகிச்சை மருத்துவரிடமே கேட்டுப் பாருங்கள்.